முப்பத்திரண்டாம் கல்லறை

நெய்வேலி சுரங்கத்தில் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு, ஷைனியின் அப்பா ஜெரால்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். கையில் சுண்ணாம்பு வாளி. கண்ணில் தூக்கம்.

அன்று கல்லறைத் திருநாள். அவருடைய தங்கை மார்த்தாள் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவள். வருடா வருடம் அவள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவார் அப்பா.

"நீ ஆரம்பிம்மா. நான் சும்மா கண்ணை மூடிக்கினு இருக்கேன்," என்று வேப்பமரத்தில் சாய்ந்தார். மறுநிமிடமே குறட்டை.

ஷைனிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்புதான். அப்பா வழக்கமாக வெள்ளையடிக்கும் அத்தை கல்லறையின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினாள். அது அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. அடியில், இதுவரை அவள் பார்த்திராத ஓர் எண் தெரிந்தது. 31.

வாசலில் உபதேசியார் அலெக்சாண்டர் அடக்கப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரை எந்தக் கல்லறையில் புதைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"ஐயா, முப்பத்தொண்ணு யாருங்க?"

அவர் கொட்டாவி விட்டபடி புரட்டினார். "இன்னாசிமுத்து. வயசு நாலு. அவங்க வூட்டுக்காரங்க எப்பவோ ஊரை விட்டுப் போயிட்டாங்க. யாரும் வர்றதில்ல."

"அப்ப மார்த்தாள்?"

"முப்பத்திரண்டு. பக்கத்துலதான்."

பக்கத்தில் புல் மூடிய மேடு ஒன்று இருந்தது. புல்லை விலக்கினாள். கல்லில் 32.

இத்தனை வருஷமும் அப்பா சுண்ணாம்பு அடித்தது வேறு யாரோ ஒருவரின் கல்லறைக்கு. சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அத்தை? புல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு, அப்பாவை எழுப்பிச் சொன்னாள்.

அப்பா இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சுண்ணாம்பா அடிச்சு அடிச்சு நானே நம்பரை மறைச்சிருக்கேன். என் தங்கச்சி இத்தனை வருஷமா இருட்டுல கிடந்திருக்கு."

"இருட்டுல இல்லப்பா. ஒரு முழம்தானே தள்ளி? அந்த வெளிச்சம் அத்தைக்கும் பட்டிருக்கும். அந்தத் தம்பிக்குத்தான் உங்களை விட்டா யாருமில்ல."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்தார்.

"நம்பரை விட்டுட்டு அடிங்கப்பா," என்றாள் ஷைனி.

பொழுது சாய்ந்தது. இருந்தது ஒரே மெழுகுவர்த்தி. அப்பா ஒடித்தார். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது.

"பெருசு அத்தைக்குத்தானே?"

"வேணாம்மா. சின்னப் பிள்ளைங்கன்னா மார்த்தா விட்டுக்குடுத்துடும்," என்று அப்பா பெரிய துண்டை இன்னாசிமுத்துவுக்கு ஏற்றினார்.