அடி நெல்

நெல் விழுவது நின்றிருக்க வேண்டும்.

நெல் கொட்டிவைக்கும் குதிரின் அடித்துளைக்கு முன்னால் சாக்கை விரித்துக் குந்தியிருந்த சிந்துவுக்கு முதலில் எதுவும் தப்பாகப் படவில்லை. உள்ளே அவளுடைய ஐந்து வயது மகள் பிரியா, ஓரத்தில் தங்கிய நெல்லைக் கையால் துளைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆளுயர மண் குதிர் ஒன்றைக் காலி செய்வதென்றால் கடைசியில் சின்னப் பிள்ளை ஒன்றை மேல்வாய் வழியாக இறக்குவதுதான் பாகூர்ப் பக்கத்து வழக்கம் என்று, சாக்கு வாங்க வில்லியனூருக்குக் கிளம்பும்போது அவள் கணவன் தமிழ்க்குமரன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

குதிர் இருக்கும் இந்த அறையை, அதை இடித்துவிட்டு மகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. "உன் ரூமுக்கு நீயே வேலை செய்யுடி கண்ணு" என்று சிந்துதான் ஸ்டூலில் ஏறி அவளை இறக்கிவிட்டாள். பழைய நெல்லின் புழுங்கிய வாடை, ஓட்டின்மேல் அடங்காத மழை, மூடிக்கொண்டு வந்த பிற்பகல், இவற்றுக்கு நடுவே நெல் கை கையாக விழுந்தது. ஒரு கை, சிறிய இடைவெளி, மறுபடி ஒரு கை.

"போதும் பிரியா, கை வலிக்கப் போவுது."

"நான் தள்ளலம்மா. சும்மாதான் ஒக்காந்திருக்கேன்."

இன்னொரு கை நெல் வந்து விழுந்தது.

எலியாக இருக்கும். சிந்து துளைக்குள் விரலை விட்டாள். நெல் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையில் வைத்திருந்தது போல.

"யாரக் கேட்டு அடி நெல்ல எடுத்த?"

மாமியார் விருத்தாம்பாள் தூக்கம் கலைந்த முகத்தோடு வாசற்படியில் நின்றாள். "ரெண்டு மரக்கா எப்பவும் உள்ள கெடக்கணும். டவுன் பொண்ணுக்கு எல்லாத்தையும் தொடச்சி எடுத்தாத்தான் தூக்கம் வரும் போல."

"எதுக்கு அத்தை கெடக்கணும்?"

விருத்தாம்பாள் குழம்புக்குப் பக்குவம் சொல்வது போலச் சொன்னாள்.

"பெரிய சண்ட நடந்தப்போ நெல்லப் புடுங்கிக்கினு போவ சர்க்காரு ஆளு வந்தாங்களாம். மூட்டைய வைக்கப்போருல மறச்சத பண்ணையாள் பொண்ணு ஒண்ணு பாத்திருக்கு. சர்க்காரு ஆளு வந்த நேரம் அது இதுக்குள்ளதான் எறங்கி நெல்லு தள்ளிக்கினு இருந்துச்சி. வெளிய வந்தா சொல்லிடும். என் மாமனாரு அது மேலயே நெல்லக் கொட்டிட்டாரு. அன்னிலேர்ந்து அடி நெல்லுல யாரும் கை வெக்கறதில்ல."

சிந்து எழுந்துவிட்டாள். "அப்புறமாவது அந்தப் பொண்ணத் தூக்கலையா?"

"எதுக்கு? அம்மாக்காரி வந்து தேடினா. ஓடிப்போச்சின்னுட்டாங்க. அவளே ஒக்காந்து அந்த நெல்லக் குத்திக் குடுத்தா."

"அதையா சோறாக்கித் தின்னாங்க?"

"நெல்லு இன்னாடி பண்ணும்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். துளையிலிருந்து ஒரு கை நெல் விழுவதை அவளும் பார்த்துவிட்டாள். "பிரியா எங்க?"

சிந்து ஸ்டூலில் ஏறினாள். குதிரின் வாய்க்குள் குனிந்தாள். இருட்டு.

"கையத் தூக்குடா கண்ணு."

இரண்டு சின்னக் கைகள் மேலே வந்தன. மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். நினைத்ததைவிட இலேசாக இருந்தது. முழங்கால்கள் மண்சுவரில் உரசின. மார்போடு அணைத்ததும் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. தூசியும் உமியுமாக இருந்த தலையில் முத்தமிட்டாள்.

"அம்மா," உள்ளே இருந்து பிரியா கூப்பிட்டாள். "என்ன எப்ப தூக்குவ?"

வாசற்படியிலிருந்த விருத்தாம்பாளுக்கு, மருமகளின் தோளில் சாய்ந்திருந்த முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் கத்தவில்லை. பின்னோக்கி நகர்ந்தாள். கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"அத்தை."

வெளியே காலடிகள் விலகிப் போயின.

கழுத்தைக் கட்டிய கைகள் இறுகின. சிந்துவின் தலையைக் குதிரின் வாய்க்கு நேராக அழுத்திப் பிடித்தன. தோளின்மேல் அந்தப் பிள்ளையின் வாய் திறந்தது. மூச்சு வரவில்லை. நெல் வந்தது.

தோளில் விழுந்து, கையில் வழிந்து, உள்ளே இறங்கியது. முதலில் ஒரு கை. பிறகு ஒரு மரக்கால். பிறகு நிற்காமல்.

"அம்மா, மேல கொட்டுதும்மா. கண்ணுல விழுது."

உதற முடியவில்லை. நிமிர முடியவில்லை. அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கில் பீறிட்டது.

"இடுப்பு வரைக்கும் வந்துடுச்சிம்மா."

ஒரு கையை உள்ளே நீட்டினாள். எட்டவில்லை.

"அம்மா."

அதற்குப் பிறகு நெல் கொட்டும் சத்தம் மட்டும். கீழே, உயர்ந்துகொண்டே வந்த நெல்லின்மேல், விரல்களை விரித்து அவளை நோக்கித் தூக்கிய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

அவற்றின்மேலும் அவள் தோளிலிருந்தே நெல் கொட்டிக்கொண்டிருந்தது.