கைகள் கேட்கும் குரல்

அன்று காலை அனோஜாவுக்குப் பிழையாகப் பட்டது மிகச் சின்ன விஷயம். "மெல்ல, அனோ, அவசரப்படாதை" என்று சொல்ல வாயைத் திறக்க முன்னமே அந்தச் சொற்கள் காதில் விழுந்துவிட்டன. அவளுடைய குரல்தான். தடிமன் பிடித்தது போல் கொஞ்சம் கரகரக்கும் அதே குரல். உதடுகள்தான் பிந்திவிட்டன.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று தனக்குச் சமாதானம் சொன்னாள். ஆனையிறவுக்கு அப்பால், உப்புக்காற்று வீசுகிற, பற்றை மண்டிய ஒரு காணியில், ஓர் ஆள் முழங்காலில் குந்தியிருக்க மட்டும் இடமுள்ள ஒடுக்கமான பாதைக்குள் அவள் மிதிவெடி தேடிக்கொண்டிருந்தாள். இருபக்கமும் கம்புகள் நட்டிருந்தார்கள். கம்புக்கு அப்பால் கால் வைத்தால் கதை முடிந்தது. ஒருத்திக்கு நடப்பது மற்றவளுக்கும் நடக்கக்கூடாது என்று ஆட்களைத் தூரத் தூர விட்டிருந்ததால், முகத்தை மூடிய கண்ணாடிக் கவசத்துக்குள் அவளுடைய மூச்சும், வியர்வை ஊறிய நீல அங்கியின் புளித்த மணமும், கையிலிருந்த சின்ன விறாண்டி மண்ணைச் சுரண்டுகிற சரசரப்பும்தான் அவளுக்குத் துணை.

அவற்றோடு அவள் தனக்குத்தானே கதைக்கிற கதையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை நடுங்கியபோது, செய்யப்போவதை வாய்விட்டுச் சொல், பிறகு செய் என்று பழக்கினார்கள். மற்றவர்கள் கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. வாய் சொல்லும், கை செய்யும், நடுவில் பயம் நுழைய இடமிராது. வருடக்கணக்கில் அது ஊறிப்போய், குரல் சொல்லாமல் கை அசையாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. தனக்குத்தானே கதைக்கிறவளை ஊரில் விசரி என்பார்கள். சொல்லட்டுமே! சொல்கிறவர்கள் வந்து இந்த மண்ணை ஒரு நாள் சுரண்டிப் பார்க்கட்டும். வேலை முடிந்து தர்மபுரம் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மகள் யதுர்ஷிகாவின் கையை இவள் போய்ப் பிடிக்கவேண்டும். அந்தச் சின்னப்பிள்ளைக்கு இவளை விட்டால் ஒருவருமில்லை. இந்தக் கதையெல்லாம் அந்தக் கையைப் பிடிப்பதற்காகத்தான்.

தேத்தண்ணி நேரத்தில், அடுத்த பாதையில் வேலை செய்கிற கிருசாந்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, இண்டைக்கு உங்களுக்குள்ள இருக்கிற ஆளோட நல்ல பம்பலும் பகிடியும் போல. சிரிப்பு எனக்கும் கேட்டுது."

"நான் சிரிக்கேல்லையே."

"சும்மா போங்கோ. பிள்ளைக்குத் தலை பின்னிவிடுறது, சோறு தீத்துறது எண்டு கதைச்சுக் கதைச்சுச் சிரிச்சனீங்கள்."

அனோஜா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நேற்றுப் பொழுதுபட யது கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "அம்மா, நீங்கள் கிணத்தடியில நிக்கேக்கை குசினிக்குள்ள ஆர் உங்கட குரலில என்னைக் கூப்பிட்டது?" விளையாடாதே என்று அதட்டி, பிள்ளையின் வாயை அடைத்துவிட்டாள். கூப்பிட்டு என்ன சொன்னது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் பரமலிங்கம் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சுகமில்லையோ பிள்ளை? ஏலாதெண்டால் வாகனத்தில போய் இரு."

குரல் கேட்கிறது என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. "ஒண்டுமில்லை அண்ணை" என்றாள்.

திரும்பவும் பாதைக்குள் குந்தியதும் இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். காற்று விழுந்துவிட்டது. காகம் கூடக் கத்தவில்லை. விறாண்டியைத் தூக்கப் பார்த்தாள். கை அசையவில்லை. விரல்கள் அவளுடையவைதான், நகத்துக்குள் மண் தெரிகிறது, ஆனால் அசையவில்லை.

"இடப்பக்கம் சுரண்டு, அனோ."

கை சுரண்டியது.

அவளுடைய பற்கள் கடித்தபடியேதான் இருந்தன. குரல் கவசத்துக்குள்ளே, காதோடு ஒட்டிக் கேட்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மண் உதிர்ந்து, பச்சை நிறத்தில் வளைவான ஒரு விளிம்பு தெரிந்தது. கண்டால் உடனே நிறுத்தவேண்டும். பின்வாங்கவேண்டும். பரமலிங்கத்தைக் கூப்பிடவேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"கூப்பிடாதை."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கவசத்தைக் கழட்டு."

கழற்றினாள். வெக்கை முகத்தில் அடித்தது. இப்போது குரல் காதுக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்றது.

"தா."

அனோஜாவின் கை தானாகப் பின்னால் நீண்டது. கவசத்தை ஏதோ ஒன்று பக்குவமாக வாங்கிக்கொண்டது. அடுத்து நீல அங்கி. அதையும் அவள் கைகளே அவிழ்த்துக் கொடுத்தன. துணி சரசரத்தது. யாரோ அதை உடுத்துகிறார்கள். கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

"இனிக் கையை மண்ணில வை. நான் சொல்லுமட்டும் அசையாதை."

இரண்டு கைகளும் பச்சை விளிம்பின் இருபுறமும் படிந்தன.

வேலை முடிகிற விசில் ஊதியது. பற்றைக்கு அப்பாலிருந்து பரமலிங்கம் கூப்பிட்டார். "அனோஜா, முடிஞ்சுதோ? வா பிள்ளை."

"ஓம் அண்ணை, வாறன்."

அவள் வாய் திறக்கவில்லை.

காலடிகள் பாதையோடு பின்வாங்கிப் போயின. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. பற்றை இடுக்கால் பார்த்தாள். பரமலிங்கத்துக்குப் பக்கத்தில் நீல அங்கி உடுத்த ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய நடை. இடக்காலை லேசாக இழுக்கிற அதே நடை.

"கெதியாப் போவம் அண்ணை. பிள்ளை வாசலில என்னைப் பாத்துக்கொண்டு நிப்பாள்."

"ஓமோம், நட நட."

அனோஜா கத்தினாள். வாய் முழுதாகத் திறந்தது. வெறும் காற்றுத்தான் வந்தது. குரல் அங்கே, அவருக்குப் பக்கத்தில், இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சிரித்துக் கதைத்தபடி போய்க்கொண்டிருந்தது.

வாகனம் புறப்பட்டது. தர்மபுரம் போகிற வழியில் திரும்பியது. யது. யது. யது. உதடுகள் மட்டும் அசைந்தன. அந்தக் குரல் வந்து சொல்லட்டும் என்று கைகள் மண்ணிலேயே கிடந்தன.