அக்காவின் டிரம்ஸும் வண்டுவின் கயிறும்

அக்கா காலேஜிலிருந்து வரும்போதே முகம் தொங்கிப் போயிருந்தது. செருப்பை ஒரு மூலையில் வீசினாள். டிரம்ஸ் குச்சிகள் இருந்த பையை இன்னொரு மூலையில் வீசினாள். பிறகு கட்டிலில் குப்புற விழுந்தாள்.

வண்டு ஓடி வந்தாள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே திரிவதால் தங்கைக்கு வீட்டில் அந்தப் பெயர். படிப்பது ஐந்தாம் வகுப்புதான். வாய் மட்டும் எப்போதோ காலேஜுக்குப் போய்விட்டது.

"என்னாச்சுக்கா?"

"பாடறவ இனிமே என்கூடப் பாட மாட்டாளாம்."

அக்கா படிப்பது இசைக் கல்லூரியில். அங்கே புத்தகத்தைவிட மேடைதான் பெரிசு. குழுவாகச் சேர்ந்து மேடையேற வேண்டும், எதிரே ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள், அதுதான் பரீட்சை. வெள்ளிக்கிழமை நடக்கும் பரீட்சையில் தேறினால்தான் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த ஸ்டூடியோவுக்குள் போய்விட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை.

"நீ தப்பா வாசிச்சியா?"

"இல்லவே இல்ல! என் தாளம் இம்மிகூடப் பிசகல. அவதான் இஷ்டத்துக்கு இழுத்து இழுத்துப் பாடறா. ஆனா சார் என்னைத்தான் திட்டினாரு. 'உன்கூடப் பாடறது ரயிலுக்கு முன்னாடி ஓடற மாதிரி இருக்கு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்துவிட்டது. வண்டுவால் அதைப் பார்க்க முடியவில்லை. தன் பங்கு பிஸ்கட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஓரத்தில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் நீட்டினாள், இருந்தாலும் நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து பயிற்சிக்கு உட்கார்ந்தாள். வீட்டில் நிஜ டிரம்ஸ் கிடையாது, ரப்பர் பலகைகள்தான். காதில் ஹெட்ஃபோன். அதற்குள் போனிலிருந்து டிக், டிக் என்று சத்தம் ஓடும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதற்குச் சரியாகத் தட்டுவாள்.

"அக்கா, பென்சில் சீவி எங்க?" என்று கேட்டாள் வண்டு.

அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். எதிரே போய் நின்று கையை ஆட்டினாள். நாக்கைத் துருத்தினாள். ஊஹூம்! அக்கா கண்ணையே திறக்கவில்லை.

'யாரையும் பார்க்கறதும் இல்ல, கேக்கறதும் இல்ல. அப்புறம் பாடற அக்கா எங்க இழுக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?' என்று நினைத்தாள் வண்டு. ஓடிப்போய்த் தன் குதிக்கும் கயிற்றை எடுத்து வந்தாள். அக்காவின் ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றினாள்.

"ஏய்!"

"நான் குதிக்கறேன். நீ என் காலைப் பார்த்துத் தட்டு. ஒரே ஒரு தடவைக்கா!"

அக்கா அரை மனதாகத் தட்ட ஆரம்பித்தாள். வண்டு முதலில் ஒழுங்காகக் குதித்தாள். பிறகு மெதுவாகக் குதித்தாள். திடீரென்று நின்று மூக்கைச் சொறிந்தாள். அக்காவின் குச்சிகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தன.

"நீ தப்பாக் குதிக்கறே!" என்று கத்தினாள் அக்கா.

"அந்த அக்காகிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. குச்சிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் குதி" என்றாள், மெதுவாக.

வண்டு குதித்தாள், நின்றாள், மறுபடி குதித்தாள். இப்போது அவள் முழங்கால் மடங்கும்போதே அடுத்து குதிப்பாளா நிற்பாளா என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நின்றால் குச்சியும் நின்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு மாமா!

"குதிக்கறது சரி, தட்டறதும் சரி" என்றார் பாவமாக. "நடுநடுவுல நிறுத்தறீங்களே, அதைத்தான் தாங்க முடியல. எப்ப மறுபடி ஆரம்பிக்குமோன்னு காத்திருந்தே என் டீ ஆறிப்போச்சும்மா."

மறுநாளே அக்கா போய் மன்னிப்புக் கேட்டதில், பாடகி மறுபடி சேர்ந்து பாட ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டு அப்பாவோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு நன்றாகத்தான் போனது. கடைசிச் சரணம் வரும்போது வாயைத் திறந்தாள். குரலே வரவில்லை.

வண்டு நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். 'முன்னாடி ஓடிடாதேக்கா, நில்லுக்கா!'

அக்கா ஓடவில்லை. குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி பாடகியின் முகத்தையே பார்த்தாள். காலால் மட்டும் மெதுவாக, தும்... தும்... என்று மிதித்தாள். மற்றவர்களும் அக்காவைப் பார்த்து நிதானித்தார்கள். பாடகி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரித்துத் தலையசைத்தாள். பாடகி மூச்சை இழுத்தாள். அடுத்த நொடி குரலும் டிரம்ஸும் ஒன்றாகக் கிளம்பின.

பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சாருக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஸ்டூடியோக்காரங்க இந்த மாதிரி ஆளைத்தான் தேடறாங்க. நீ கிளம்பத் தயாரா இரும்மா" என்றார்.

பாடகி ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் காத்திருக்கலேன்னா, நான் மேடையிலேயே அழுதிருப்பேன்!"

"அதைச் சொல்லிக் கொடுத்தது இந்த வண்டுதான்" என்று அக்கா தங்கையை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"அப்படியா! நாளைக்குப் பயிற்சிக்கு நீயும் வந்துடு, வண்டு" என்றாள் பாடகி.

வண்டு பெரிய மனுஷி மாதிரி யோசித்தாள். "வரேன். ஆனா எனக்கு நிறைய வீட்டுப்பாடம் இருக்கு. முடிச்சிட்டுத்தான் வருவேன்."

"நாங்க காத்திருக்கோம்!" என்றார்கள் இருவரும், ஒரே தாளத்தில்.