தோட்டத் தெருவில் யாருமில்லை

"அண்ணி, கேஸ் வந்திருக்கு!" என்று வாசலிலிருந்தே கத்தினான் பட்டாசு. அந்தப் பட்டப்பெயர் அவனுக்கு ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

கணினிக் கோளாறுகளைத் துருவிக் கண்டுபிடிப்பது அவன் அண்ணியின் தொழில். வாடிக்கையாளர்கள் அவளை 'நிதானம்' என்பார்கள். வீடு தீப்பற்றினாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள் என்று அவள் கணவன் கேலி செய்வதுண்டு.

வந்தவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் செஞ்ச ஆப்பை மூடிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். ஒரு மனுஷன் தன் மச்சானை வேணும்னே சாக விட்டாரா, இல்லையா?"

பட்டாசு நிமிர்ந்து உட்கார்ந்தான். நிதானம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "முதல்ல ஆப் என்னன்னு சொல்லுங்க."

டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துப்போக வண்டி உள்ள தன்னார்வலர்களைச் சேர்க்கும் இணையச் செயலி அது. தாங்கள் வரத் தயாராக இருக்கும் தெருவின் பெயரைத் தன்னார்வலர்கள் பதிந்து வைப்பார்கள். நோயாளி தன் தெருவின் பெயரை எழுதி, 'வண்டி வேண்டும்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பெயர் பொருந்தினால் தன்னார்வலரின் போனுக்குத் தகவல் போகும். டியூட்டி முடிந்த நேரங்களில் வீடியோக்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு கட்டியது என்றாள் நர்ஸ்.

"சர்வர் இல்லாத முறையில செஞ்சேன்."

"சர்வர் இல்லாம யாருங்க பரிமாறுவாங்க?" என்றான் பட்டாசு.

அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சர்வர் உண்டு, நமக்குன்னு தனியா ஒருத்தர் சம்பளத்துக்கு நிக்கறதில்ல, அவ்வளவுதான். கிளவுடுல, அதாவது எங்கேயோ வாடகைக்கு எடுத்த கணினியில, நம்ம நிரல் தூங்கிக்கிட்டு இருக்கும். யாராவது பொத்தானை அமுக்கினா எழுந்து வரும், வேலையை முடிக்கும், திரும்பப் படுத்துடும்."

"எனக்கும் அப்படி ஒரு வேலை கிடைச்சா நல்லாயிருக்கும்."

"இப்பவே அப்படித்தானே இருக்கே?" என்றாள் அண்ணி.

பிறகு நர்ஸ் நடந்ததைச் சொன்னாள். தோட்டத் தெருவில் ஒரு தையல்காரர். அவரை வழக்கமாக அழைத்துப்போன பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டதால், போன வாரம் முதல் தடவையாகப் பொத்தானை அழுத்தினார்கள். 'யாருமில்லை' என்று பதில் வந்தது. அன்று நல்ல மழை; வாடகை வண்டியும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கான இயந்திரம் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றே மூச்சுத்திணறல் வந்து, அவசரப் பிரிவில் பிழைத்தார்.

"ஆனா தோட்டத் தெருவுக்கு ஒருத்தர் இருக்கார். பதிவுல நானே பார்த்தேன். அவர் யாருன்னா, தையல்காரரோட மச்சான். ரெண்டு பேருக்கும் பல வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. தகவல் வந்தும் அமுக்கிட்டார்னு தையல்காரரோட சம்சாரம் சத்தியம் பண்றாங்க. தன்னோட கூடப் பிறந்த அண்ணன்னு கூட அவங்க பார்க்கல. அவரைக் கேட்டா, 'வரலை'ங்கறார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார்."

"நிரல் ஏதாவது பிழை காட்டிச்சா?"

"இல்ல. எழுந்திருச்சு, தேடியிருக்கு, யாருமில்லன்னு சொல்லிட்டுத் தூங்கிடுச்சு. அவர் தன் பேரை எடுத்துட்டுத் திரும்பச் சேர்த்திருப்பாரோன்னு கூடத் தோணுது."

அந்த மச்சான் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். ஊரின் மறுகோடியில், ஆலைத் தெருவில் அவர் வீடு. வாசலில் ஒரு பழைய கார், மழைச்சேறுகூடக் கழுவப்படாமல் நின்றது. வாழ்நாள் முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்த மனிதர், வீட்டிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் "வரலை" என்றார்.

நிதானம் தன் போனை நீட்டினாள். "உங்க தங்கை வீட்டுத் தெருப் பேரை மட்டும் இதுல எழுதிக் கொடுங்க சார்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு குறியாகத் தேடித் தேடி 'தோட்டத் தெரு' என்று எழுதினார். பிழையே இல்லை. "சரி, அழிச்சிடுங்க" என்றாள். அவர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். 'தோ' மட்டும் மிஞ்சியது. இன்னொரு தட்டு. திரையில் 'தே' நின்றது. பிறகு 'த'. பிறகு ஒன்றுமில்லை.

"நன்றி சார்" என்று நிதானம் எழுந்துவிட்டாள். பட்டாசுக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவுதானா அண்ணி?"

தையல்காரர் வீட்டில் முன்னறை முழுக்கத் துணிகள். கட்டிலில் சாய்ந்திருந்த தையல்காரர் கையைத் தூக்கி வரவேற்றார். அவர் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் காலையில அவன் கார் நம்ம தெரு முனையிலதான் நின்னுச்சு! பஸ்ஸுக்கு ஓடுறப்ப நானே பார்த்தேன். நாங்க மழையில நனையறதை வேடிக்கை பார்க்க வந்திருக்கான்."

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பட்டாசு அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். "வேற யாரும் வந்துடக் கூடாதுன்னே இந்தத் தெருவுல பேர் கொடுத்திருக்கார்!"

நிதானம் அந்த அம்மாளிடமும் தெருப் பெயரை எழுதச் சொன்னாள், அழிக்கவும் சொன்னாள். 'தோ' ஒரே தட்டில் 'த' ஆனது.

"நாளைக்கு எல்லாரும் இங்க கூடணும்" என்றாள் அவள். "உங்க அண்ணனும்தான்."

மறுநாள் டைப்பிஸ்ட் வந்தார். உள்ளே வராமல் கதவோரமாகவே நின்றார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் மடிக்கணினியோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வழக்குல பொய் சொன்னவங்க யாருமே இல்ல" என்று தொடங்கினாள் நிதானம். "நாம 'தோ'ன்னு ஒரே எழுத்தாப் பார்க்கறோம். ஆனா கணினியில அதை ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறியை முழுசா ஒரே தட்டுல போடலாம், அம்மா அப்படித்தான் எழுதறாங்க. சார் பழகினது தட்டச்சு இயந்திரம். அதுல கொம்பு தனி, கால் தனி. போன்லயும் ரெண்டையும் தனித்தனியாத் தேடிப் போடறார். அதனாலதான் அழிச்சப்போ கால் மட்டும் போய், 'தே' நின்னுச்சு. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. நிரலுக்கு வேற வேற தெரு."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் சோதிச்சப்பல்லாம் ரெண்டு பக்கமும் நானேதான் எழுதினேன்!"

"அதனாலதான் உங்களுக்குத் தெரியல. நீங்க படிச்ச பாடத்துலயும் இது இருந்திருக்காது. சாருக்குத் தகவல் போகவே இல்ல."

"அப்போ கார்?" என்றான் பட்டாசு. "தெரு முனையில எதுக்கு நின்னார்?"

நிதானம் டைப்பிஸ்டைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சார் இருக்கறது ஆலைத் தெருவுல. அந்தத் தெருவுலயே டயாலிசிஸ் போறவங்க இருக்காங்க. அதை விட்டுட்டுத் தோட்டத் தெருவை மட்டும் ஏன் எழுதணும்? இங்க ஒரே ஒரு நோயாளிதான். தகவல் வந்தா ஆலைத் தெருவுலேர்ந்து வர நேரமாகும். அதனால டயாலிசிஸ் நாள்ல முன்னாடியே வந்து, முனையில வண்டியை நிறுத்தி, போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். உங்க பஸ் தாண்டிப் போனதைக்கூட அவர் கவனிச்சிருக்க மாட்டார்மா. போனையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பார்."

தங்கைதான் முதலில் உடைந்தாள். "கதவைத் தட்டியிருக்கலாமே அண்ணா!"

"கூப்பிடாம எப்படிம்மா வாசப்படி ஏறுறது?" என்றார் டைப்பிஸ்ட். "கூப்பிட்டா வந்துடலாம்னுதான்..."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினாள். ஒப்பிட்டுப் பார்க்கும் முன் இரண்டு எழுத்துமுறைகளையும் ஒன்றாக்கிக்கொள்ளும்படி ஒரு வரி, அவ்வளவுதான் மருந்து. ஏற்கெனவே பதிந்திருந்த பெயர்களையும் அப்படியே மாற்றினாள். புதிய நிரலைக் கிளவுடுக்கு ஏற்றிவிட்டு, "இப்போ பாருங்க" என்றாள்.

அன்று தையல்காரருக்கு டயாலிசிஸ் நாள். அவர் மனைவி போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தெருப் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினார். கதவோரத்தில் நின்றவரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

டைப்பிஸ்ட் போனை எடுத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலருகே குனிந்து தோளைக் கொடுத்தார்.

"நர்ஸம்மா, ஆப்பை மூடிடாதீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றார் தையல்காரர். எழுந்து நின்றதில் மூச்சு வாங்கியது. ஆனாலும் மச்சானின் தோளை விடாமல், வெகுகாலத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினார்.

"இன்னிக்கு வந்ததுக்கு நன்றி சொல்லப்போறதில்ல மச்சான். அன்னிக்கு மழையில காத்துக்கிட்டு இருந்தியே, அதுக்குச் சொல்றேன்."