ஒரியோவின் கழுத்து

சனிக்கிழமை மாலை ஒரு முழ ஆழத்தில் புதைத்த மண்டையோடு, ஞாயிற்றுக்கிழமை காலை ஐகாண்டே பசுவுக்கு வாழைத்தண்டு வெட்டப் போனபோது மண்ணுக்கு மேலே இருந்தது.

நாய் தோண்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மண் கலைந்திருக்கவில்லை. அவள் கணவன் ருவாய்ச்சி மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன்படுத்திய தடம் அப்படியே பதிந்திருந்தது. நாயோ சனிக்கிழமையிலிருந்து கொட்டிலை விட்டு இறங்கவில்லை. வைத்த மக்காச்சோளக் களியில் வாயே வைக்கவில்லை.

ருவாய்ச்சி வந்து பார்த்தான். மழையில் மேலே வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி புதைத்தான். சனிக்கிழமை மழை பெய்யவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பதினோரு வருஷம் கடிதம் எழுதி அவன் வரவழைத்த தலை அது. ஜெர்மன்காரர்கள் கிளிமஞ்சாரோவை ஆண்ட காலத்தில், வேலைக்கு ஆள் தர மாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்காக அவனுடைய கொள்ளுத்தாத்தா ஒரியோவைத் தூக்கில் போட்டார்கள். பிறகு தலையை வெட்டி, அளந்து பார்க்க வேண்டுமென்று பெட்டியில் போட்டுத் தங்கள் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்டி எடுத்துப் போக அவர்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. திருப்பித் தரத்தான் நூற்றிருபது வருஷம் ஆயிற்று. அந்தக் குடும்பத்துப் பெரியவர்களின் தலைகளையெல்லாம் ஒரு காலத்தில் தோண்டி எடுத்து, வாழைத்தோப்பில் இசாலே செடிகளின் அடியில் கிபோ சிகரத்தைப் பார்க்க வைப்பது வழக்கம். ஒரியோவின் உடம்பு மட்டும் தலையில்லாமல் அதே தோப்பில் கிடந்தது. பிள்ளை தங்காவிட்டாலும் காப்பி காய்க்காவிட்டாலும் அந்தக் கழுத்தைத்தான் காரணம் சொல்வார்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து அட்டைப்பெட்டி வந்தது. மேலே ஒரு எண். போதகர் ஜெபித்தார், மாவட்ட அதிகாரி பேசினார், ஊரே வாழைக்காயும் இறைச்சியும் தின்று வாழைக்கள் குடித்தது. முதலில் உடம்போடு சேரட்டும் என்று, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புதைத்தார்கள். அன்று இரவு ருவாய்ச்சி சிறு பிள்ளை மாதிரி அழுதான். அவளுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

திங்கட்கிழமையும் அது வெளியே இருந்தது. இம்முறை இடுப்பளவு தோண்டி மேலே பாறாங்கல்லை உருட்டி வைத்தான். செவ்வாய்க்கிழமை, கல் நகராமல், கல்லின் மேல் இருந்தது.

ஐகாண்டே அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ருவாய்ச்சியின் வீட்டு ஆண்களுக்குப் பானை பானையாய்த் தலை, கல்யாணத்தன்று மோஷி கடைவீதி முழுக்க அலைந்தும் அவனுக்கு ஒரு தொப்பி கிடைக்காததைச் சொல்லி இன்னமும் அவள் சிரிப்பாள். இது யாரோ ஒரு சின்ன மனிதனின் தலை. பெயர் தெரியாத யாரோ, எந்த ஊர்க்காரனோ. அவள் அதற்காகவும் வருத்தப்பட்டாள்.

"ஹைக்கா அப்பா, இது அவரில்ல" என்றாள். "நம்பர மாத்தி அனுப்பிட்டாங்க. அவருக்குப் பிடிக்கல, வெளிய தள்ளுறாரு. இசாலே இலையில முடிச்சுப் போட்டு வச்சு மன்னிப்புக் கேளுங்க."

"மன்னிப்புக் கேக்க நானா வெட்டினேன்? பதினோரு வருஷம் நாயா அலைஞ்சேன். போதாதா அவருக்கு?"

அவள் மண்டையோட்டைக் கல்லருகே இறக்கி வைத்தாள். ஆனால் புதன்கிழமை அவன் காப்பிச் சங்கத்துக்குப் போன நேரம் பார்த்து, ஒரு நீண்ட இசாலே இலையை ஒடித்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, கல்லின் மேல் வைத்தாள். முடிச்சுப் போட்ட இசாலே வாசலுக்கு வந்தால் மறுக்கக்கூடாது. மகனைக் கொன்றவன் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொண்டு, கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மலையில் அதை மீறியவர்கள் இல்லை.

வியாழக்கிழமை விடியும்போது இலை அவர்கள் வாசற்படியில் கிடந்தது. ஈர மண் ஒட்டியிருந்தது. அவள் போட்ட முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. அந்தச் சுருக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, வேறு கை, இறுக்கமாக, புதிதாக ஒரு முடிச்சு போட்டிருந்தது.

மன்னித்துவிட்டார். இப்போது அவர் கேட்கிறார்.

இலையை எடுத்து அடுப்பில் போட ஓடிவந்தாள். அதற்குள் ருவாய்ச்சி குனிந்து எடுத்துவிட்டான்.

"கீழ போடுங்க."

"கையில வாங்கிட்டேனே" என்றான் மெதுவாக. அவன் கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது. "நம்ம ரத்தத்துல ஒருத்தர், ஒண்ணு கேக்குறாரு. எப்படி இல்லன்னு சொல்றது?"

என்ன கேட்கிறார் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் வீட்டிலிருந்த வெட்டுக்கத்திகளையும் அரிவாளையும் கூட்டி அள்ளி மெத்தைக்கு அடியில் ஒளித்தாள். காப்பி மரம் கவாத்து செய்யும் கத்தரியைக்கூட விடவில்லை. தாருஸ்ஸலாமில் இருந்த மகள் ஹைக்காவுக்குப் போன் செய்து உடனே கிளம்பி வரச் சொன்னாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மகள் கேட்டதற்கு ஆமாம் என்றாள். நாளை காலை முதல் பஸ்ஸில் ஏறுவதாக ஹைக்கா சொன்னாள். ஒரே ஒரு ராத்திரி அவனை வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும். முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்தவளுக்கு ஒரு ராத்திரி பெரிதில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் அவன் நன்றாகச் சாப்பிட்டான். குளித்தான். ஏதோ ஊருக்குப் போகிறவன் போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு மணிக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் கிபோவையும், பிறகு தோப்பின் மேல் வரிசையையும், கடைசியில் கொட்டிலின் கூரையையும் மறைத்து, ஈர வாழைச்சருகின் வாசனையோடும் வாய்க்கால் தண்ணீரின் ஓயாத சலசலப்போடும் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. பசு கத்தியது. ஒரு முறை கத்தி நிறுத்துகிற பசு அது. இன்று நிறுத்தவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். போய்த் திரும்ப ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கதவு திறந்திருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

உள்ளே ஓடி மெத்தையைத் தூக்கினாள். கத்திகள் எல்லாம் இருந்தன. எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு கணம் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

தோப்புக்குள் இறங்கினாள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரை. பச்சை மண்ணின் வாசனை வந்தது. ஆழத்து மண்.

பாறாங்கல் உருண்டு கிடந்தது. பக்கத்தில் அந்தச் சின்ன மண்டையோடு, தனியாக. குழி திறந்திருந்தது.

குழிக்குள் ருவாய்ச்சி படுத்திருந்தான். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. கைகள் மார்பின் மேல் ஒழுங்காகக் கோத்திருந்தன. கழுத்துப் பட்டன் போட்டிருந்தது. பட்டனுக்கு மேலே மண் மட்டும் இருந்தது.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

பின்னால் சருகு நொறுங்கியது.

ஒரு அடி. இன்னொரு அடி. அவசரமே இல்லை.

திரும்பினாள்.

பனிக்குள்ளிருந்து உயரமாக ஒன்று வந்தது. கறுத்த எலும்புகள். எலும்புக்கு எலும்பு வாழை வேர்கள் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தன. அதன் மேல் அவள் கணவனின் முகம். குளித்த பிறகு, பிளேடை அவன் கையில் கொடுக்காமல், அவள்தான் சவரம் செய்துவிட்டிருந்தாள், தாடையில் சோப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கண்கள் மட்டும் இன்னும் ருவாய்ச்சியுடையவை. அவை அவளைக் கண்டுகொண்டன. நிற்கச் சொல்லி அந்தக் கால்களிடம் கெஞ்சுவது போலக் கீழே பார்த்தன, மறுபடி அவளைப் பார்த்தன, பொலபொலவென்று அழுதன. கால்கள் நிற்கவில்லை. அவளைத் தாண்டி, தோப்பேறி, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் போயின.