மறுப்புத் தேர்வு

எட்டாம் வகுப்பில் காலை முதல் பாடம் கணக்குப்பதிவியல். பயிற்சி ஆசிரியை பியூலா வழக்கம்போல ஒளிப்பலகையில் ஒரு தையல்கடையின் கதையை எழுதினாள். கடைக்காரர் கடனுக்குத் துணி வாங்கினார். சாயம் போன துணியைத் திருப்பி அனுப்பினார். புதிதாகத் தையல் இயந்திரம் வாங்கினார், வாடகை கொடுத்தார், கொஞ்சம் விற்றார். அதற்குக் கீழே இருப்பாய்வு. பற்றும் வரவும் ஒத்துப்போனதும் மேசையிலிருந்த தன்கணக்கி, கணக்கைத் தானே சரிபார்க்கும் கருவி, பச்சை விளக்கைக் காட்டியது.

ஆனால் கணக்கு தப்பு. புது இயந்திரம் கடையின் சொத்து. பியூலா அதை வேண்டுமென்றே பழுதுபார்ப்புச் செலவில் எழுதியிருந்தாள். இந்த மாதிரித் தப்பு கூட்டுத்தொகையை அசைக்காது. கூட்டல் ஒத்துப்போனால் தன்கணக்கிக்குப் பரம திருப்தி.

கடைசி வரிசையில் தேர்வாளர் சங்கரவடிவு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையை அவர் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுமென்றே தப்பு எழுதும் இந்தத் தேர்வு, ஆனைமடை ஊர் காலியான பிறகு வந்த சட்டம். அங்கே நீர்க்கணக்கை இதே ரகத் தன்கணக்கிதான் எழுதியது. தரைக்குள் கசிந்துபோன தண்ணீரையெல்லாம் ஏரியில் இருப்பதாகவே காட்டி வந்தது. பச்சை விளக்கு எரிந்தது, குழாயில் காற்று வந்தது, ஊரே மூட்டை கட்டியது. யாரும் கவனிக்கவில்லை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதற்குப் பின் கணக்கு வாத்தியாராக வேண்டுமென்றால் பட்டம் மட்டும் போதாது. ஒரு தப்பை எழுதிவிட்டு அதைப் பற்றி வாய் திறக்காமல் நிற்க வேண்டும். மணி அடிப்பதற்குள் ஒரு பிள்ளையாவது எழுந்து "தப்பு" என்று சொல்ல வேண்டும். விதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அத்தோடு தொலைந்தது.

பியூலாவுக்கு இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. இதிலும் தோற்றால் ஏதாவதொரு அலுவலகத்தில் தன்கணக்கிக்குத் தூசி துடைக்கப் போகலாம். வகுப்பறைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள்.

சில பிள்ளைகள் நோட்டைப் புரட்டினார்கள்.

"நல்லாப் பாருங்க. அவசரமே இல்ல."

முன்வரிசை ஷிஃபானா பலகையைப் பார்த்தாள், பின்னால் திரும்பித் தேர்வாளரைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த இசக்கிதுரை அவள் முழங்கையை இடித்தான். வகுப்பே இப்படி வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்து பியூலா பார்த்ததில்லை. மணி அடித்தது.

சங்கரவடிவு கையிலிருந்த பலகைக்கருவியில் ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்திட்டார். அது என்ன சொல் என்று பியூலாவுக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால் அழ வேண்டாம் என்று மேசையிலிருந்த தாள்களை அடுக்கினாள்.

அதற்குள் பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே பூரிப்பு.

"டீச்சர், நாங்க யாருமே காட்டிக் குடுக்கல!" என்று கிசுகிசுத்தான் இசக்கிதுரை.

"என்னத்தடா?"

"நீங்க தப்பாப் போட்டீங்கல்லா, அதத்தான். இன்ஸ்பெக்டர் இருக்கும்போது சொன்னா ஒங்களுக்கு வேலை போயிரும்லா."

பியூலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று மாதம் இந்தப் பிள்ளைகளை அவள் ஒருநாள்கூடக் கடிந்ததில்லை. அந்த அன்புக்கெல்லாம் சேர்த்து வைத்துக் கைம்மாறு செய்திருந்தார்கள்.

சங்கரவடிவு எழுந்து வந்தார். "மணி அடிச்சாச்சும்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

"ஆனைமடை விசாரணைல நான் இருந்தேன்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தப்பு தெரிஞ்சிருக்கு. அந்தக் கணக்குக்குப் பொறுப்பான இன்ஜினியர் நல்ல மனுஷன், மூணு பொண்ணு, பாவம்னு விட்டுருக்காங்க. பயத்துல இல்ல, பிரியத்துல. அதப் புத்தகத்துல எப்படிப் போடுறது? யாரும் கவனிக்கலன்னு போட்டுட்டோம்."

பியூலா அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். இந்த அறையில் அவளுக்கு இன்னும் அடுத்த பாடம் தொடங்கும் வரை நேரம் இருந்தது. ஒளிக்கோலை எடுத்து ஷிஃபானாவிடம் நீட்டினாள்.

"தப்பு எங்கன்னு காட்டு."

ஷிஃபானா தேர்வாளரைக் கண்ணால் காட்டினாள். "இவங்க போகட்டும் டீச்சர்."

"இவங்க இருக்கும்போதே சொல்லு. எனக்குக் கஷ்டமா இருந்தாலும் சொல்லணும். ரொம்பப் பிடிச்சவங்ககிட்ட முதல்ல சொல்லணும். அதச் சொல்லிக் குடுக்காமலே போயிட்டேனே நான்."

சிறுமி தயங்கித் தயங்கி இயந்திரத்தின் மேல் வட்டம் போட்டாள். பியூலா தலையாட்டிக் கையை நீட்டினாள். ஷிஃபானா கோலைக் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு டீச்சர்."

"இன்னொண்ணா?"

"திருப்பி அனுப்புன துணிய நீங்க எழுதவே இல்ல. ரெண்டு பக்கமும் விட்டுட்டீங்க. அதான் கூட்டல் சரியா வந்துட்டு."

பியூலா பலகையைப் பார்த்தாள். கதையில் துணி இருந்தது. கணக்கில் இல்லை. அவள் ஒளித்து வைத்தது ஒரே ஒரு தப்பைத்தான்.

சங்கரவடிவு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்கு அருகில் வந்தார். மேசையில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஆமா ஷிஃபானா, தப்புதான். நெசமாவே எனக்குத் தெரியல," என்றாள் பியூலா. சொல்லும்போது முகம் சுட்டது. "வேற ஏதாவது இருக்கா?"

ஷிஃபானா இந்த முறை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருங்க டீச்சர், பாத்துச் சொல்லுதேன்."