போகாத ஃபியூஸ்

சுவரில் கருகல் வாடை வருகிறது என்று எலக்ட்ரீஷியனான என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பட்டப்பகல். வாசல் பக்கம் வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் மட்டும் மசமசவென்று இருட்டு.

"மெதுவா பேசுங்கண்ணே, உள்ரூம்ல குழந்தை தூங்குது" என்றாள் குடியிருந்த பெண். "கரண்ட்டுக்கு மட்டும் குறையே இல்ல. ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒண்ணா போட்டாலும் ஃபியூஸே போகாது."

லோடு மிஞ்சினால் ஃபியூஸ் போகத்தான் வேண்டும். அந்த மெல்லிய கம்பி உருகினால்தான் வீடு பிழைக்கும்.

மெயினை நிறுத்திவிட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். உள்ளே மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த மூன்று இழைச் செம்புக் கம்பி, இடப்பக்கமாக முறுக்கிக் கருத்திருந்தது. எந்தப் புண்ணியவான் வேலையோ! ஆத்திரத்தோடு வீட்டு ஓனருக்கு போன் போட்டேன்.

"முன்ன குடியிருந்தவன் அப்படித்தான் போட்டான்" என்றார். "உள்ரூம்லயே எரிஞ்சு செத்தான். அப்புறம் போர்டையே புதுசா மாத்திட்டேனேப்பா. அந்தக் கம்பி எப்படி இருக்கும்?"

போனை வைத்தேன். சரியான கம்பியைக் கட்டி மெயினைப் போட்டேன்.

முடி பொசுங்கும் நாற்றம்.

கட்டையை மறுபடி பிடுங்கினேன். அதே செம்பு. அதே இடமுறுக்கு. கை சுட்டது.

கட்டை கையைவிட்டு நழுவித் தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டது.

"கையை எடு." சுவருக்குள்ளிருந்து வந்தது குரல்.

உள்ளறைச் சுவரில் புகை கிளம்பியது.

"குழந்தையத் தூக்கும்மா! வெளிய ஓடு!"

மெயினை இறக்கினேன். அது தானாக ஏறியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். கொதிக்கும் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றின. அவள் குழந்தையோடு வாசலைத் தாண்டும்வரை விடவில்லை. பிறகு நானும் விழுந்தடித்து ஓடினேன். அந்த அறை எங்கள் கண்ணெதிரே எரிந்தது.

மணிக்கட்டில் ஐந்து கொப்புளங்களோடு வீடு திரும்பினேன். மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஃபியூஸ்ல என்னங்க பண்ணீங்க? இன்னிக்கு எல்லாத்தையும் ஒண்ணா போட்டேன், போகவே இல்ல!"

"பாப்பா எங்க?"

"உள்ள தூங்குறா."

போர்டுக்குப் பாய்ந்து கட்டையை இழுத்தேன்.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.